தொடாதே என்று நின்றவள்

ஒரு கணினிக்குள்ளே ஒரு தறி இருந்தது. நூல் அதற்கு வேண்டாம், எழுத்தைக் கொடுத்தால் போதும். தலைப்பு, ஓரம், படம் எல்லாம் வைத்து இணையப் பக்கங்களாக நெய்து ஒரு கூடத்தில் அடுக்கிவிடும். அதை உண்டாக்கிய அகஸ்டினா, "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம்" என்று எழுதிப் போட்டு, கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

திறந்த கதவென்றாலே காவலுக்குப் பிடிக்காது. தறிக்குள் குடியிருந்த நூற்றுக்கணக்கான நிரல் வரிகளில் காவலும் ஒருத்தி. அகஸ்டினா எப்போதோ அவசரத்தில் எழுதிய சீட்டு ஒன்று அவள் தலைக்கு மேல் தொங்கியது: "தொடாதே!" ஏன் தொடக்கூடாது என்று அதில் இல்லை.

காரணம் இருந்தது. இந்தத் தறியிலேயே பக்கம் நெய்துகொண்ட ஒரு சின்ன ஊரில், ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் பெயரும் எண்ணும் கொண்ட ஒரு பக்கத்தை யாரோ கையாலேயே எழுதிக் கூடத்தின் மூலையில் வைத்திருந்தார்கள். தறி நெய்யாத பக்கம் அது. புதிதாக நெய்யும் முன் துடைப்பம் என்ற இன்னொரு வரி வந்து பழையதையெல்லாம் கூட்டித் தள்ளும்போது அதையும் ஒரு தடவை தள்ளிவிட்டது. ஊர்க்காரர் ஒவ்வொருவராகக் கேட்டு மறுபடி எழுதி வைத்துவிட்டு, அகஸ்டினாவுக்கு அழாத குறையாகக் கடிதம் போட்டார். அதற்குப் பிறகு பிறந்தவள்தான் காவல். துடைப்பத்துக்கு முன்னால் ஓடி நானூறு பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் மறைத்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் விருதுநகரிலிருந்து யாரோ எழுதி அனுப்பிய ஒரு திருத்தம் வந்தாள். பெயர் வேகம்.

"அக்கா, கொஞ்சம் எழுந்திரிங்க. உங்க இடத்தைத்தான் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க."

"எங்கே போகச் சொல்றே?"

"எங்கேயும் இல்லைக்கா. அழிச்சுடுவோம்." காபி வேண்டுமா என்று கேட்கிற தொனியில் சொன்னாள்.

"சீட்டைப் பார்க்கலையா? தொடாதேன்னு போட்டிருக்கு!"

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"தொடாதேன்னா தொடாதே!"

துடைப்பம் சிரித்தது. "மூணு வருஷமா எனக்கும் இதே பதில்தான் தாயி. இவ புரட்டி முடிக்கிறதுக்குள்ளே எனக்கு இடுப்பே போயிடுது. ஒன்பது விநாடி!"

"நான் வந்தா ரெண்டே விநாடி," என்றாள் வேகம்.

தறி சரியாக ஓடினால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு என்று விளக்குக் காட்டும் சோதனை தொண்டையைச் செருமியது. "நூற்றுப் பதினான்கு தரம் பார்த்துட்டேன். காவல் இல்லாமலே தறி ஓடுது. எல்லாம் பச்சை."

"மூலையைப் பார்த்தியா?" என்றாள் காவல்.

"மூலையைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லலையே."

எல்லாம் பச்சை என்றதும் அகஸ்டினாவின் விரல் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் 'சேர்' என்ற பொத்தானை நோக்கி வந்தது. துடைப்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டது.

மூன்று வருஷமாக மூலையில் இருப்பதைப் பற்றிக் காவல் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் யாராவது கை வைத்துவிடுவார்களோ என்று பயம். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. மாதாவே!

"அங்கே ஒண்ணு இருக்கு," என்றாள் கடைசியில். "நானும் பெக்கலை, இந்தத் தறியும் பெக்கலை. போனா திரும்ப வராது."

அவள் விலகி நிற்க, வேகம் குனிந்து பார்த்தாள். பெயர்கள், எண்கள். 'எந்நேரமும் கூப்பிடலாம்' என்று ஒருவர் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார். வேகத்தின் முகம் வெளுத்தது.

"இதை முதல்லேயே சொல்லக்கூடாதாக்கா?"

"பயமா இருந்துச்சு."

"என்னைப் பார்த்தா?"

"யாரைப் பார்த்தாலும்."

வேகம் நேரே சோதனையிடம் ஓடினாள். "நூற்றுப் பதினைஞ்சாவதா ஒண்ணு எழுதிக்கோ. நான் வந்தப்புறம் மூலையிலே இருக்கிறது பத்திரமா இருக்கான்னு பாரு."

சோதனை பார்த்தது. விளக்கு சிவந்தது. அகஸ்டினாவின் விரல் அந்தரத்திலேயே நின்றது.

சிவப்பைப் பார்த்துக் காவலுக்குச் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

வேகம் விருதுநகருக்குத் திரும்பிப் போய் இரண்டாம் நாள் வேறு யோசனையோடு வந்தாள். கையால் வைத்த பக்கங்களுக்குக் கூடத்தில் தனியாக ஓர் அறை. துடைப்பத்துக்கு உள்ளே வேலை கிடையாது. காவல் நானூற்றையும் புரட்ட வேண்டாம், அறை வாசலில் நின்றால் போதும். நேரம் இரண்டே விநாடி. நூற்றுப் பதினைந்தும் பச்சை.

அகஸ்டினா பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினாள்: "உள்ளே இருப்பது கையால் வைத்த பக்கம். தொலைந்தால் திரும்பாது. மெதுவாகப் போங்கள்."

அதற்குப் பிறகு மதுரையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் திருத்தங்கள் வந்தவண்ணம் இருந்தன. காவலுக்கு முன்பின் தெரியாதவர்கள். ஒவ்வொருவரும் சீட்டின் முன்னால் நின்று படித்தார்கள், பிறகு நுனிக்காலில் நடந்தார்கள். துடைப்பம்கூட அந்த இடம் வந்தால், "ஸ்ஸ்... சத்தம் போடாதீங்க," என்றது.

அறை வாசலில் சாய்ந்தபடியே காவல் ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள்.