செவந்தி முழுகாமல் இருந்த கதை

மந்திக்குளத்து ஆட்களுக்கு ஆறுதல் சொல்லப் போனால், "கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், கஞ்சி குடிக்கக்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட ஊர்.

அந்த ஊரில் குருவன், தவசி, இருளாண்டி என்று அண்ணன் தம்பி மூன்று பேர். நடுவுள்ளவன் தவசிக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் பெண் கொடுக்க அக்கம்பக்கத்தில் யாருக்கும் தைரியம் வரவில்லை. தவசியின் பெண்டாட்டி செவந்தி அசலூர்க்காரி, கெட்டிக்காரி. ஆனால் ஏழு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை. தவசி வேண்டாத சாமி கிடையாது. சாமியெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் ஊர் எல்லைக்கல்லுக்கும் ஒரு கும்பிடு போட்டு வைத்திருந்தான்.

ஒரு நாள் காலையில் செவந்தி அடுப்படியில் நின்று முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க... நாள் தள்ளிப் போயிருக்குங்க."

இதைப் புருஷனிடம் போட்டு உடைக்கக் கூச்சமாக இருக்காதா? அதற்கு மேல் அவளுக்கு வாய் வரவில்லை. தவசி நேரே அண்ணனிடம் ஓடினான்.

"அண்ணே, நாள் தள்ளிப் போயிருச்சாம்!"

"எந்த நாளு?"

"அதை அவ சொல்லலையே."

குருவன் மோவாயைத் தடவினான். "இன்னைக்கு வியாழக்கிழமை, சந்தை நாளு. அதைத்தான் எவனோ தள்ளிவிட்டிருக்கான்."

"ஒத்த ஆளாவா தள்ளியிருப்பான்?" என்றான் இருளாண்டி.

"நாளு என்ன நெல்லு மூட்டையா? லேசாத்தாண்டா இருக்கும்."

ஆக, வியாழக்கிழமை மூவரும் வீட்டில் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை பூசணிக்காய்களைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனார்கள். சந்தைப் பொட்டலில் ஒரு கிழட்டுக் கழுதையைத் தவிர ஈ காக்கை இல்லை. பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தார்கள். கழுதைதான் இரண்டு பூசணிக்காயைத் தின்றுவிட்டுப் போனது.

"நீ சொன்னது சத்தியம் செவந்தி," என்றான் தவசி வீடு திரும்பி. "வெள்ளிக்கிழமையையும் தாண்டித் தள்ளிட்டானுங்க."

செவந்தி தலையில் அடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிப் பார்ப்போம் என்று, "நான் முழுகாம இருக்கேங்க," என்றாள்.

தவசி மறுபடியும் ஓடினான்.

"முழுகாம இருந்தா நல்லதுதானேடா," என்றான் குருவன். "போன மழைக்கு நான் கண்மாயில முழுகி, நீங்கதான் முடியைப் பிடிச்சு இழுத்தீங்க. முழுகாத உடம்பு எல்லாருக்கும் வாய்க்குமா?"

"புருஷன் பொண்டாட்டி ஒண்ணுதானே அண்ணே? அப்ப நானும் முழுக மாட்டேன்ல?"

"அதுல என்ன சந்தேகம்?"

மறுநாள் காலையில், நீச்சல் தெரியாத தவசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கண்மாய்க்குள் நடந்தான். இடுப்பு மறைந்தது, நெஞ்சு மறைந்தது, கழுத்து மறைந்தது. அப்புறம் தலைப்பாகை மட்டும் மிதந்தது.

"பாத்தியாண்ணே, தலைப்பா முழுகலை!" என்று கரையில் நின்று மெச்சினான் இருளாண்டி.

ஏதோ, தண்ணீரில் கிடந்த எருமையின் வால் கையில் சிக்கியதால் தவசி பிழைத்தான். எருமை கரையேறியபோது அவனும் கூடவே ஏறிவந்தான்.

சேறும் பாசியுமாக வந்து நின்ற புருஷனின் வாடை பட்டதும் செவந்திக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெளியே ஓடி வாந்தியெடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, "தலை சுத்துதுங்க. புளிப்பா ஏதாச்சும் தின்னாத் தேவலை," என்றாள்.

தவசி அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்தான். ஊரே பிள்ளை இல்லையென்று பேசியபோது, 'நீங்க ஒருத்தர் பத்தாதா, தனியா வேற ஒரு பிள்ளை எதுக்கு?' என்று சிரித்தவள். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? மாங்காய் பறித்துவர இருளாண்டியை விரட்டிவிட்டு, குருவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்து அவள் தலையையே உற்றுப் பார்த்தான்.

"சுத்தலையே அண்ணே. இருந்த இடத்துலதான் இருக்கு."

"நாம பாக்குறப்ப நின்னுக்கிடும். பாக்காத மாதிரி பாரு."

அப்படியும் பார்த்தான். சுற்றவில்லை.

"அப்ப மெதுவாச் சுத்துது போல. அது வலப்பக்கம் சுத்துனா நீ இடப்பக்கம் சுத்து. சரியாப் போயிரும்."

தவசி செவந்தியைச் சுற்றிச் சுற்றி ஓடினான். "ஐயோ, நில்லுங்களேன்!" என்று அவள் கத்தினாள். "உனக்குச் சரியாகாம நிக்க மாட்டேன்!" என்று அவனும் கத்தினான். கடைசியில் உரலில் இடித்து விழுந்து, குடித்திருந்த கண்மாய்த் தண்ணீரையெல்லாம் கக்கினான்.

குருவன் ஓடிப்போய் மருத்துவச்சி அங்காயியைக் கூட்டிவந்தான். அங்காயி கீழே கிடந்த தவசியைத் தாண்டிப் போய், மூலையில் மாங்காய் கடித்துக்கொண்டிருந்த செவந்தியின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்தவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"ஏலே தவசி, உன் பொண்டாட்டி வயித்துல பிள்ளை இருக்குடா!"

தவசி எழுந்து உட்கார்ந்தான். "யாரு பிள்ளை?"

"அட, உன் பிள்ளைதாண்டா!"

"எனக்கு ஏது பிள்ளை? ஏழு வருஷமா இல்லையே!"

"அதான் இப்ப வரப்போகுதுங்கிறேன்!"

விஷயம் அவன் மண்டைக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் கண்ணிரண்டும் தளும்பிவிட்டன.

"மூணு நாளா இதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றாள் செவந்தி.

"எங்க சொன்ன?" என்றான் தவசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "மூணு நாளும் பிள்ளைங்கிற பேச்சையே நீ எடுக்கலையே!"

அங்காயி புறப்படும்போது, "பத்திரமாப் பாத்துக்கங்கடா. பத்து மாசம் சுமக்கணும், லேசுப்பட்ட காரியமில்லை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அவள் தெருவில் வரும்போது, தவசி செவந்தியை உப்புமூட்டையாக முதுகில் சுமந்துகொண்டு எதிரே வந்தான். பின்னால் அண்ணனும் தம்பியும். இறக்கிவிடச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன செவந்தி, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா கூத்து இது?"

"நீங்கதானே பத்து மாசம் சுமக்கணும்னீங்க," என்றான் தவசி மூச்சு வாங்க. "ஆளுக்கு மூணு மாசம்னு பிரிச்சுக்கிட்டோம். முதல் மூணு மாசம் என் பங்கு. அடுத்து அண்ணனும் தம்பியும் பெட்டியில உக்கார வச்சுத் தலையில சுமப்பாங்க."

"அப்படியும் ஒரு மாசம் மிஞ்சுதேடா?" என்றாள் அங்காயி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அதைத்தான் நேத்து ராத்திரி பூரா உக்காந்து பேசினோம்," என்றான் குருவன் கம்பீரமாக. "அந்தக் கடைசி மாசம் மட்டும் அவளே சுமக்கட்டும். அவளுக்கும் பிள்ளைதானே?"