குளிக்கப் போன பெருவாத்து

இதை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றிய பேச்சிக்கனி. என் மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்த ஆனி மாதம், செம்பை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றபடியே கேட்டேன்.

குளத்துக் கரையில் ஒரு மடம். அங்கே அருளம்மைதான் குரு. சீடர் பொன்னையா அவளைவிட ரொம்ப மூத்தவர், கயிற்றுக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

மடத்தில் பெருவாத்து வளர்த்தார்கள். நீளக் கழுத்து, நெற்றியில் ஒரு குமிழ், பிடரியில் பழுப்புக் கோடு. பழைய சாதி. சுற்று ஊர்களில் எல்லாம் சந்தை வெள்ளை வாத்தோடு கலந்துபோயிற்று. கலக்காமல் மிஞ்சியது இங்கே ஒரு சோடிதான். ஆணுக்குப் பொன்னையாவைக் கண்டாலே ஆகாது. வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு விடாது. கயிறு திருடினவனைக்கூட நான் இப்படிப் பிடித்ததில்லை என்று அவர் அலுத்துக்கொள்வார்.

ஒருநாள் அவர் கேட்டார்.

"அம்மா, விடியுமுன்னே உட்கார்ந்தா பொழுது சாஞ்சுதான் ஜபத்தை விட்டு எந்திரிக்கேன். மனசு மட்டும் காஞ்சே கிடக்கே, ஏன்?"

அருளம்மை வாத்துக் கூட்டைக் காட்டினாள். பெட்டை அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அவர் உயிரைக் கொடுத்துப் பார்த்தார். பெட்டை நகர்ந்துவிடக் கூடாது என்று கூட்டைப் படலால் அடைத்தார். தீனியும் தண்ணீரும் அலகுக்கு நேரே வைத்தார். நாள் வந்தது. ஒரு முட்டையும் பொரியவில்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுக் குஞ்சு. ஓட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தோல், காய்ந்த காகிதம்போல் அதன்மேல் ஒட்டிக் கிடந்தது.

பொன்னையா அழுதார். அருளம்மை குழி தோண்டிப் புதைத்தாள். ஏசவில்லை.

பெட்டை மறுபடியும் முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்தது. அதற்கும் வயதாகிவிட்டது. இதுவும் பொரியாமல் போனால் அந்தச் சாதியே இல்லை. பொன்னையா திரும்பவும் படலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அருளம்மை வாங்கி, முறித்து, அடுப்பில் வைத்தாள்.

அன்று காலையிலேயே பெட்டை எழுந்தது. கூட்டில் கிடந்த தன் தூவி இறகை இழுத்து முட்டைகளை மூடிவிட்டு நேரே குளத்தில் இறங்கியது. ஆணும் பின்னாலேயே போயிற்று. இரண்டும் முங்கின, சிறகடித்தன, கரையேறிப் புல் மேய்ந்தன.

"முட்டை ஆறிப்போகும்லா அம்மா. பிடிச்சிட்டு வாரேன்."

"கஞ்சி ஆறுது அண்ணாச்சி. குடிங்க."

அவர் கஞ்சியைத் தொடாமல் குளத்தையே எட்டி எட்டிப் பார்த்தார். பெட்டை சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, அந்த ஈரத்தோடேயே முட்டைகள்மேல் உட்கார்ந்தது. அவர் முட்டைகளைத் துடைக்கத் துண்டோடு ஓடினார். ஆண் வாத்து துண்டைக் கவ்விக்கொண்டது. அருளம்மை சிரித்துவிட்டாள்.

நாள்தோறும் இதே கதை. பெட்டை போகும், குளிக்கும், வரும். அவர் கஞ்சியை வைத்துக்கொண்டு தவிப்பார்.

ஒரு காலை கூட்டுக்குள் கீச்சென்று கேட்டது. பொன்னையா தரையோடு தரையாய்ப் படுத்துக் காது கொடுத்தார். ஓடு விரிசல் விட்டது. உள்தோல் நனைந்த துணிபோல் நெகிழ்ந்து கிழிந்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒரு முட்டை பாக்கியில்லாமல் அத்தனையும் பொரிந்தன. ஒவ்வொரு பிடரியிலும் அந்தக் கோடு நிழல்போல் இருந்தது.

பெட்டை முன்னே, குஞ்சுகள் நடுவே, ஆண் பின்னே. அவை குளத்துக்கு நடந்த நடையைப் பார்த்து, துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியைப் போட்டுவிட்டுக் குலவை இட்டார்கள். பொன்னையாவும் இட்டுப் பார்த்தார். காற்றுதான் வந்தது. கரையே சிரித்தது, அவரும் சிரித்தார்.

பிறகு பொன்னையா அருளம்மையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தூத்துக்குடியில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, தவம் கலைந்துவிடுமே என்று இன்னும் முகம் பார்க்கப் போகவில்லை என்றார்.

அவள் குளத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"போங்க அண்ணாச்சி. நல்லா நனைஞ்சிட்டு வாங்க."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நீங்கள் அந்தக் குளத்துப் பக்கம் போனால், அந்த வாத்துகளுக்கு ஒரு பிடி தவிடு கொண்டுபோங்கள்.