நாற்பத்திரண்டாவது சாவு

"அம்மா, எனக்குச் சிரிப்பு வரமாட்டேங்குது" என்றார் தில்லைவாணன்.

குறையோடு மலையேறி வருகிறவர்களுக்கு வழி சொல்லும் குருவம்மா, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். வந்தவருக்கு அறுபத்துமூன்று.

"வராட்டி விடுங்க. அதுக்கா சென்னையிலேர்ந்து பஸ் ஏறி இந்த மலைக்கு வந்தீங்க?"

"சிரிச்சாத்தாம்மா எனக்குச் சோறு."

தில்லைவாணன் நடிகர். முப்பத்துநாலு வருஷமாக, சினிமாவிலும் சீரியலிலும் யாருக்காவது அப்பாவாக வந்து, கதை சூடுபிடிப்பதற்குள் செத்துப்போகிறவர். முகம் ஊருக்கே தெரியும். பேர் ஒருவருக்கும் தெரியாது. வருகிற வழியில் பஸ் கண்டக்டர்கூட, "சார், நீங்க போன வாரம் செத்துட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழித்தார்.

"விவரமாச் சொல்லுங்க."

"பிணமா நடிச்சா, ஷாட் முடிஞ்சதும் டைரக்டர் கட் சொல்லுவார். செத்தவன் உடனே கண்ணைத் தொறந்து கேமராவைப் பாத்துச் சிரிக்கணும். அதையும் எடுத்து வெச்சுப்பாங்க. படத்துல வராது. நடிச்சவனுக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்னு ஒரு சாங்கியம். அப்புறந்தான் பூசணிக்காய் உடைச்சு, எல்லாரும் சாப்பிடப் போவாங்க."

"எத்தனை தடவை செத்திருக்கீங்க?"

"இதோட நாப்பத்திரண்டு."

"சிரிச்சது?"

"நாப்பத்தொண்ணு."

தில்லைவாணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"முந்தாநாள் படுத்தேன். கட் சொன்னாங்க. கண்ணைத் தொறந்தேன். சிரிப்பு வரலை. மூணு தடவை கேட்டாங்க. ஒருத்தர் பூசணிக்காயைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறார். எல்லாரும் சாப்பிடாம நிக்கறாங்க. நாளைக்குள்ள வந்து சிரிக்கலேன்னா வேற ஆளைப் படுக்கவெச்சு எடுத்துருவாங்க. அபசகுனம்னு பேராயிட்டா அப்புறம் எவனும் கூப்பிடமாட்டான். சாகறதை விட்டா எனக்கு வேற தொழில் தெரியாதும்மா."

குருவம்மா கீரையை ஒதுக்கிவைத்தார். பாயை விரித்தார்.

"செத்துக் காட்டுங்க."

தில்லைவாணன் படுத்தார். தொழில் சுத்தம். மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தது. அவர் அசையவில்லை.

"போதும்."

கண்ணைத் திறந்தார். முகம் அப்படியே இருந்தது.

"வீட்டுல யார் இருக்காங்க?"

"யாருமில்லை. சம்சாரம் இருந்தா. செண்பகவல்லி."

"எப்பப் போனாங்க?"

"போன ஆடியில. நாப்பத்தோராவது தடவை செத்து, சிரிச்சு, இலையில உக்காந்தேன். போன் வந்துது."

"அழுதீங்களா?"

"இல்லை."

அவர் பாயிலேயே எழுந்து உட்கார்ந்தார்.

"கூடத்துல படுக்கவெச்சிருந்தாங்க. கழுத்துல மாலை, நெத்தியில ஒரு ரூபாய், தலைமாட்டுல விளக்கு. எல்லாம் எனக்கு வெக்கிற மாதிரியே இருந்துது. நான் அவ முகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். இப்பக் கண்ணைத் தொறப்பா, இப்பச் சிரிப்பான்னு. தூக்கிட்டுப் போனாங்க. கூடவே போனேன். நடிகன், கல்நெஞ்சுக்காரன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை பாருன்னு சொந்தக்காரங்க பேசிக்கிட்டாங்க. நான் என்னம்மா பண்ணுவேன்? யாருமே கட் சொல்லலையே."

"நகருங்க" என்றார் குருவம்மா.

அவர் எழுந்த இடத்தில் குருவம்மா படுத்தார். காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

தில்லைவாணன் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

வெயில் வாசலைவிட்டு இறங்கியது. ஆய்ந்த கீரை வாடிப்போனது.

பிணமாகப் படுப்பதில் அவருக்குத் தெரியாதது கிடையாது. எத்தனை தேர்ந்தவனானாலும் எங்காவது காட்டிக்கொடுத்துவிடுவான். இமை துடிக்கும், அல்லது தொண்டை ஏறி இறங்கும். அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். ஒன்றுமே அசையவில்லை. மூச்சு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அம்மா."

அவர் இன்னும் கிட்டக் குனிந்தார்.

"போதும்மா. எந்திரிங்க."

தோளைத் தொடக் கையை நீட்டி, இழுத்துக்கொண்டார்.

"கண்ணைத் தொறந்து ஒரு தடவை சிரிச்சிருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரிடி" என்றார். "செண்பா, எந்திரிடி. எல்லாரும் சாப்பிடாம நிக்கறாங்கடி."

அவள் எழுந்திருக்கவில்லை.

இனி எழுந்திருக்கமாட்டாள்.

தில்லைவாணன் தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். படத்தில் அழுகிற மாதிரி இல்லை. மூக்கு ஒழுகி, வாய் கோணி, குரல் நாராசமாகக் கிளம்பி, மலைக்குக் கீழே ஆடு மேய்த்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி அழுதார்.

குருவம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"கட்" என்றார்.