கருவாட்டுத் தெரு நாச்சியார்

வாருங்கள், வட்டமாக உட்காருங்கள். இது சிரிப்புக் கதை. வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள், அதற்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் சிரிப்பு இப்போது வராது. மாவு இன்னும் சட்டியில்தான் இருக்கிறது, பணியாரம் வேக நேரம் ஆகும். அதுவரை வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். அந்த மூலையில் இப்போதே சிரிக்கிற தம்பி, நீயும்தான்.

காற்றை நம்பிக் கப்பல் ஓடிய காலத்தில் கடம்பந்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. ஒரு காற்று கப்பல்களைக் கொண்டுவந்து கரையில் தள்ளும். திரும்பிப் போக எதிர்க்காற்று வேண்டும். அது வீச மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வந்தவர்கள் படகுக்கு அடியில் தூங்குவார்கள், பாயைப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள், மதிலோரம் நாயோடு நாயாகத் தூங்குவார்கள்.

அந்த ஊரில் பெருஞ்சாத்தர் என்று ஒரு பணக்காரர். அவருக்கு ஐந்து வீடு. ஐந்தும் பெருந்தெருவில். ஒன்றில் அவர் இருந்தார், நான்கு பூட்டிக் கிடந்தன.

"ஆள் இருந்தால் தரை தேயும். தரை தேய்ந்தால் வீடு தேயும். வீடு தேய்ந்தால் நான் தேய்வேன்" என்பார். சொல்லும்போது இடுப்புச் சாவிக்கொத்தை ஒரு குலுக்குக் குலுக்குவார்.

அவர் வீட்டுப் பின்கட்டில் நெல் குத்துகிறவள் கொற்றி. பதினேழு வயது. அப்பா இல்லை, அம்மா இல்லை. கூலி, தவிடும் நொய்யும். ஆனால் அவள் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. அவள் காக்காய் போலக் கரைந்தால் காக்காய்கள் பந்திக்கு வந்து உட்காரும். மீன்காரி போலக் கூவினால் பூனைகள் ஓடிவரும். ஊரவைத் தலைவர் போல இரண்டு வார்த்தைக்கு ஒரு "க்ஹும்" போட்டால் தெருவே எழுந்து நிற்கும்.

இது பெருஞ்சாத்தருக்கு மட்டும் தெரியாது. உலக்கைச் சத்தம் நின்றால்தான் அவருக்குக் கொற்றியின் நினைவே வரும்.

கொற்றிக்கு ஒரே ஆசை. தன் வயிற்றுக்காக இன்னொருவர் உரலில் குத்தக்கூடாது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு எரியாத வீட்டை ஊர் எடுத்துக்கொள்ளும். சின்ன வீட்டுக்கு ஒரு திரி போதும், பெரிய வீட்டுக்கு முன்வாசல் மாடம்தோறும் திரி வேண்டும். பெருஞ்சாத்தர் வீட்டுக்கு நேர் எதிரே இருந்த பூட்டிய வீடுதான் அவற்றில் பெரியது. அது கன்றுக்குட்டி பால் குடிப்பது போல எண்ணெய் குடித்தது. ஒவ்வொரு அந்தியிலும் எண்ணெயை ஊற்றிவிட்டு அவர் ஒரு பெருமூச்சையும் சேர்த்து விடுவார்.

கொற்றி போய் நின்றாள். "ஐயா, அந்த வீட்டுக்கு என் எண்ணெயில் நான் விளக்கேற்றுகிறேன்."

பெருஞ்சாத்தர் அன்றுதான் அவள் முகத்தை முதல்முதலாகப் பார்த்தார். "உனக்கென்ன லாபம்?"

"மூன்று காற்றுக்காலம், அதாவது மூன்று வருஷம், நான் அங்கே இருப்பேன். அந்தக் கூரைக்குக் கீழே யார் தூங்கலாம் என்பதை நானே சொல்வேன். அதுவரை நீங்கள் வாசற்படி மிதிக்கக்கூடாது. மூன்றாம் காற்று முடிகிறபோது ஒரு குதிர் மிளகு தருகிறேன். வீடு எனக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் சாவிக்கொத்தும் சேர்ந்து சிரித்தது. "உன் ரசத்துக்கே மிளகு கிடையாதே பெண்ணே. குதிர் நிறைய எங்கே போவாய்?"

"தரமுடியாவிட்டால் சாகிறவரை உங்கள் நெல்லைக் கூலியில்லாமல் குத்துகிறேன்."

பெருஞ்சாத்தருக்குச் சிரிப்பு நின்றது. உடனே அவளை ஊரவைக்குக் கூட்டிப் போனார். அவள் மனம் மாறிவிடக்கூடாதே என்று வேகமாகவே நடந்தார்.

"க்ஹும், இரண்டு பேருக்கும் சம்மதமா, க்ஹும்?" என்று தலைவர் கேட்டார். இருவரும் சம்மதம் என்றார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். பெருந்தெருவில் அந்த வரிசை வீடுகள் நீளமானவை. முன்வாசல் பெருந்தெருவில் இருக்கும், பின்வாசல் கருவாட்டுத் தெருவில் இருக்கும். பெருந்தெருக்காரர்கள் கருவாட்டுத் தெருவுக்கு வரமாட்டார்கள். மூக்குக்கு ஆகாது, மதிப்புக்கும் ஆகாது. அதனால் அவர்கள் யாருக்கும் தங்கள் வீட்டின் முதுகு எப்படி இருக்கும் என்று தெரியாது. பெருஞ்சாத்தரோ அந்த வீட்டின் உள்ளேயே போனவரில்லை. தரை தேயுமே.

கொற்றி முன்கூடத்தைத் தொடவேயில்லை. வௌவால்கள் இருந்தபடி இருக்கட்டும் என்று முன்வாசலை உள்ளே தாழிட்டு, வெளியே மாடத்தில் விளக்கு மட்டும் ஏற்றினாள். பிறகு பின்வாசலைத் திறந்தாள். பின்னால் இருந்த அறைகளைப் பெருக்கினாள், மெழுகினாள், சுண்ணாம்பு அடித்தாள். குதிர் வைக்கிற சின்ன அறையில் தன் பாயை விரித்தாள். காலை நீட்டினால் சுவர் இடிக்கும். மடக்கிப் படுத்துக்கொண்டாள்.

பிறகு கடற்கரைக்குப் போய், காற்றுக்குக் காத்துக் கிடந்தவர்களைப் பார்த்துக் கூவினாள். மாதம் ஒரு மரக்கால் மிளகு. நனையாத கூரை, பொது அடுப்பு, பொதுக் கிணறு.

முதலில் ஒரு யவனர் வந்தார். "நான் தூக்கம் வாங்க வந்தேன்" என்றார். இரண்டாவதாகக் குதிரை வணிகர் வந்தார். அவர் மனிதர்களிடமும் குதிரையிடம் பேசுவது போலத்தான் பேசுவார். "ஹோ, ஹோ, பெண்ணே, நில். அறையைக் காட்டு. ஹ்ம்ம், பல் நன்றாயிருக்கிறது" என்று சன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்தார். மூன்றாவதாகத் தத்தன் வந்தான். கோயிலில் முழவு அடிக்கிறவன். பேசும்போதும் விரல் சும்மா இருக்காது. "வாடகை, தகிட, அடுத்த மாசம், தகதிமி, தரலாமா?" என்று கேட்டான். "தகிட, இப்பவே தரணும்" என்றாள் கொற்றி, அவன் குரலிலேயே. தந்துவிட்டான்.

மூன்று பேரும் ஒரே அடுப்பில் சண்டை போட்டார்கள். யவனருக்கு எண்ணெய் வாடை பிடிக்காது. குதிரைக்காரருக்குக் கொள்ளு வேகவேண்டும். தத்தனுக்கு எப்போதும் முதலில் வேண்டும். கொற்றி ஒரு வழி செய்தாள். மூவர் சண்டையையும் மூவர் குரலிலும் தானே நடித்துக் காட்டினாள். மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யார் எப்போது சமைப்பது என்று சிரிப்பு அடங்குமுன்பே முடிவாகிவிட்டது.

(அவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கக்கூடாது. நம் சிரிப்பு இன்னும் வரவில்லை.)

வந்த மிளகில் ஒரு மணியைக்கூடக் கொற்றி ரசத்தில் போடவில்லை. விளக்கு எண்ணெய்க்குப் போனது போக மீதியெல்லாம் குதிருக்குள் போயிற்று. முதல் காற்று முடியும்வரை பெருஞ்சாத்தர் வீட்டில் குத்திய தவிட்டையே தின்றாள். இரண்டாம் காற்றில் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, "ஐயா, இனி நான் வரவில்லை" என்றாள். தங்கியிருந்தவர்களுக்கு அவளே சமைத்துப் போட்டாள். அவர்கள் உணவிலேயே அவள் உணவும் நடந்தது.

பெருஞ்சாத்தர் தினமும் காலையில் எதிர்வீட்டைப் பார்ப்பார். கறுத்த சுவர், மூடிய கதவு, தலைகீழாய் வௌவால். இராத்திரியில் உள்ளேயிருந்து முழவுச் சத்தம் வேறு. "பேய் அடிக்கிறது. பேயோடு பட்டினி கிடக்கிறாள்" என்று நிம்மதியாகத் திரும்பிப் படுப்பார்.

மூன்றாம் ஆண்டில் காற்று பொய்த்தது. கப்பல்கள் வரவில்லை. யவனர் வரவில்லை, குதிரைக்காரரும் வரவில்லை. தத்தன் ஒருவன்தான் மிச்சம். கொற்றி குதிருக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஒரு சாண் குறைந்தது. ஒரு சாண் மிளகு இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க உலக்கை. அன்றைக்குத்தான் அவளுக்கு எந்தக் குரலும் வரவில்லை.

அப்போது மழை வந்தது.

சாதாரண மழை இல்லை. ஓட்டைப் பிரித்துப் பார்க்கிற மழை. ஓடு மாற்றக் காசு ஆகும் என்று பெருஞ்சாத்தர் பல காலமாக ஒத்திப்போட்ட கூரை, அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து இலையிலேயே இறங்கியது.

அவர் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். முதல் வீட்டில் பூட்டு துருப்பிடித்து, சாவி உள்ளேயே உடைந்தது. இரண்டாம் வீட்டில் கதவைத் தொட்டார், கரையான் அரித்த கதவு மாவாகக் கையில் வந்தது. மூன்றாம் வீடு திறந்தது, உள்ளே நடுக்கூடத்தில் ஓர் அரசமரம் அவரை வரவேற்றது. நாலாவது வீட்டின் படியை மிதிக்கக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கொடுக்காவிட்டாலும் வௌவாலோடும் பேயோடும் யார் ஒண்டுவது?

பெருந்தெருவில் யாரும் கதவு திறக்கவில்லை. அவர் யாருக்கு எப்போது திறந்தார்?

"க்ஹும், கருவாட்டுத் தெருவில் ஒரு விடுதி இருக்கிறதாம், க்ஹும்" என்றார் ஊரவைத் தலைவர், சன்னல் வழியாக.

பெருஞ்சாத்தர் தலையில் முக்காடு போட்டார், மூக்கைப் பொத்தினார், மழையில் ஊரைச் சுற்றிக்கொண்டு கருவாட்டுத் தெருவுக்குப் போனார். சுண்ணாம்பு அடித்த வாசல் ஒன்று தெரிந்தது. தட்டினார்.

கொற்றி கதவிடுக்கில் பார்த்தாள். பார்த்ததும் அவள் தொண்டைக்குள் எல்லாக் குரலும் திரும்பி வந்தன. ஆனால் நனைந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். கதவைத் திறந்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"யாருங்க?" என்றாள், வெற்றிலை போட்ட வாயோடு ஆற அமரப் பேசுகிற ஒரு பெரிய மனுஷியின் குரலில். "நான் நாச்சியார். ஆம்பளைங்க முன்னால வர்ற வழக்கம் இல்லை. தப்பா நினைச்சுக்காதீங்க."

"பெருஞ்சாத்தன் அம்மா. ஐந்து வீட்டுக்காரன்."

"ஐந்து வீடா? அப்புறம் ஏன் இங்க நனையறீங்க?"

அவர் இருமினார்.

"எதிர்வீட்டுல யாராச்சும் இருந்தா ஒதுங்கியிருக்கலாமே" என்றாள் நாச்சியார்.

"எதிர்வீட்டிலே ஒரு நெல்குத்துகிற கழுதை இருக்கிறது. இன்னும் சில மாதத்தில் அது என் உரலுக்கு வந்துவிடும், கூலியில்லாமல். அந்தப் பிச்சைக்காரி கூரையிலா நான் நிற்பேன்?"

திரைக்குப் பின்னால் மரக்கால் ஒன்று தரையில் டக்கென்று உட்கார்ந்தது.

"பெரிய அறைக்கு மாசம் மூணு மரக்கால் மிளகு" என்றாள் நாச்சியார்.

"ஒன்று."

"நாலு."

"இரண்டு, தாயே."

"அஞ்சு. வெளியே மழை நல்லாப் பெய்யுதுங்க."

"மூன்றே தருகிறேன்" என்று அவர் உள்ளே வந்துவிட்டார். சொன்ன விலைக்கு மேல் நாச்சியாரும் கேட்கவில்லை.

உலர்ந்த பாய் கிடைத்தது, சுடச்சுட ரசம் கிடைத்தது. பெருஞ்சாத்தர் அறையின் தூணைத் தடவிப் பார்த்தார். "ஆகா, இதைக் கட்டினவன் அறிவாளி. என் அப்பாவும் கட்டினாரே ஒரு வீடு, எதிர்ப்பக்கத்தில், வௌவாலுக்கென்றே" என்றார்.

திரை லேசாக ஆடியது. "காத்துங்க" என்றாள் நாச்சியார்.

மறுநாள் தத்தன் முழவை எடுத்தான். பெருஞ்சாத்தர் காதைத் தீட்டிக் கேட்டார். "அதிசயமாக இருக்கிறதே. எங்கள் தெருப் பேயும் இதே தாளம்தான் அடிக்கும்."

"பேய்க்கும், தகிட, நல்ல காது, தகதிமி" என்றான் தத்தன், முகத்தை முழவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

மழை நிற்கவில்லை. நின்றபிறகும் அவர் கூரைக்கு ஓடு போட ஆள் வரவில்லை, கூலியில் அவ்வளவு பேரம். அவர் மிளகு அளந்தார், குதிர் ஏறியது. அவர் மறுபடி அளந்தார், குதிர் இன்னும் ஏறியது. அளக்கும்போதெல்லாம் திரையைப் பார்த்துக் கொற்றியின் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். "பாவம்ங்க அந்தப் பொண்ணு" என்று நாச்சியாரும் உச்சுக்கொட்டினாள்.

மூன்றாம் காற்று முடிந்தது. ஊரவை கூடியது. பெருஞ்சாத்தர் ஒரு புது உலக்கையோடு வந்து உட்கார்ந்தார். கொற்றி மாட்டுவண்டியோடு வந்தாள். வண்டியில் குதிர். குதிரில் விளிம்புவரை மிளகு.

அவர் எழுந்து ஓடி ஒரு பிடி அள்ளினார். முகர்ந்தார், கடித்தார். கண்ணில் நீர் வந்தது.

"நல்ல மிளகு" என்றார் மனசே இல்லாமல். "என் வீட்டு மிளகு மாதிரியே இருக்கிறது."

"க்ஹும்" என்றார் தலைவர். அந்த ஒரு க்ஹும் நெடுநேரம் நீண்டது. அவர் வாயைத் துண்டால் மூடிக்கொள்ளவேண்டியிருந்தது.

சாவி கைமாறியது. பெருஞ்சாத்தர் உலக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு கருவாட்டுத் தெரு வழியாகத் தளர்ந்து நடந்தார். போனதும் நாச்சியாரிடம் சொல்லி அழவேண்டும். அந்த அம்மாதான் நியாயம் தெரிந்தவர்.

கொற்றி பெருந்தெரு வழியாக நடந்தாள். மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக முன்வாசலைத் திறந்தாள். வௌவால்கள் மொத்தமாகப் பறந்து போயின. கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, கூடத்தைத் தாண்டி நடு முற்றத்துக்கு வந்தாள்.

அங்கே கிணற்றடியில் பெருஞ்சாத்தர் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏ பெண்ணே, நீ எங்கே இங்கே? இது நாச்சியார் வீடு. பெரிய இடம். முதலில் வெளியே போ."

"பதறாதீங்க" என்றாள் கொற்றி, வெற்றிலை போட்ட வாயோடு ஆற அமர. "சோறு எடுத்து வைக்கட்டுங்களா?"

அவர் திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் யாருமில்லை. பின்வாசலைப் பார்த்தார். கருவாடு காய்ந்தது. முன்வாசலைப் பார்த்தார். திறந்த கதவுக்கு அப்பால், தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில், கூரை விழுந்த அவருடைய வீடு நின்றது.

மறுபடி பின்னால் பார்த்தார். மறுபடி முன்னால் பார்த்தார். பிறகு, சற்றுமுன்வரை தனக்கே சொந்தமாயிருந்த அந்தக் கிணற்றுச் சுவரில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ இத்தனை நாளும்," என்றார், "நான் வாடகை கொடுத்தது..."

கூரையைப் பலரோடு பகிர்ந்து, வருவதைச் சேர்த்து வைக்கிறவர் சொந்தக் காலில் நிற்பார். யாருக்கும் உதவாமல் பூட்டி வைக்கிறவர் ஒருநாள் தன் வீட்டுக்கே வாடகை கொடுப்பார்.