பத்தாவது வீட்டின் முதல் கேள்வி

உச்சிமாகாளி, தளவாய், நல்லசிவன் என்று மூன்று பேர் இருந்தார்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அதனாலேயே ஒருமுறை கூப்பிட்டவர்கள் மறுமுறை கூப்பிடுவதில்லை.

பல்கலைக்கழகத்துப் பேராசிரியை அம்மாவுக்கு இது தெரியாது. கிராமத்துக் குடும்பங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள், வயல் வேலையைப் பற்றி எவ்வளவு, பிள்ளைகள் படிப்பைப் பற்றி எவ்வளவு என்று அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மூவரிடமும் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து ஓணான்குளத்துக்கு அனுப்பினார். சொன்னது மூன்றே விஷயம். வீடுகளை எண்ணிக்கொண்டே போய், பத்தாவது வீட்டில் மட்டும் கேட்க வேண்டும். மற்ற வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நிரப்பாத தாளோடு திரும்பக் கூடாது.

உச்சிமாகாளி மூன்றையும் விரல்விட்டு எண்ணி மனசில் போட்டுக்கொண்டார். அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை அவருடைய தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரு தாளுக்கு நாலு நாள் தாராளம் என்று கிளம்பினார்.

ஓணான்குளத்தில் ஒன்பது வீடு இருந்தது. மறுகோடியிலிருந்து எண்ணிப் பார்த்தார்கள். அப்போதும் ஒன்பதுதான்.

ஊருக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

“முதல் வீட்டையே இன்னொருக்கா எண்ணினா பத்து வந்துருமே” என்றார் நல்லசிவன்.

“அது கள்ளக்கணக்கு வே” என்றார் உச்சிமாகாளி.

“அப்ப காதுகுத்து?”

உச்சிமாகாளி வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். தளவாய் அந்த ஒன்பது வீட்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்ம கணக்குல தப்பில்ல. ஊர்லதான் ஒரு வீடு குறையுது. கட்டிருவோம்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று உச்சிமாகாளி நினைக்கவில்லை.

கட்டுவதற்கு மண்வெட்டி வேண்டும், ஓலை வேண்டும். கேட்கலாம் என்றால் பேசக் கூடாது. கையாலேயே மண்ணைத் தோண்டினார்கள். முதல் வீட்டு ஆவுடைத்தாய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்தாள். மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். பூமியைப் பார்த்தார்கள். பாவம், மூன்றும் ஊமை, தங்க ஒரு கூரை இல்லை என்று அவள் போய்ச் சொன்னதும் ஊரே உருகிவிட்டது. வீட்டுக்கு ஒருவர் வந்து மண் குழைத்தார்கள், சுவர் வைத்தார்கள், ஓலை வேய்ந்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் கதவும் மாட்டிவிட்டுப் போனார்கள். உச்சிமாகாளி எண்ணினார். பத்து.

மூவரும் போய்ப் புதுக் கதவைத் தட்டினார்கள். யாரும் திறக்கவில்லை.

“ஆள் இல்ல போலிருக்கு” என்றார் நல்லசிவன்.

“வயலுக்குப் போயிருப்பாங்க” என்றார் தளவாய்.

பொழுது சாய்கிறவரை வாசலில் காத்திருந்தார்கள். அதற்குமேல் உச்சிமாகாளிக்குப் பொறுக்கவில்லை. தங்கை இசக்கியம்மாளுக்குப் போன் போட்டு, வீட்டுக்காரர்கள் இன்னும் வரவில்லை, தாள் நிரம்பாமல் நான் வர முடியாது என்று தழுதழுத்தார். மடி வராவிட்டால் காதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வருகிறோம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஊரெல்லாம் நடவுக்குப் போயிருந்த நேரத்தில் வேன் வந்தது. இசக்கியம்மாள், அவள் புருஷன், குழந்தை, காது குத்துகிற ஆசாரி. பத்தாவது வீட்டுக்குள் மாமன் மடியில் உட்கார்ந்த குழந்தை, “மாமா, விடு” என்று அலறினாள். அந்த வீட்டில் பேசப்பட்ட முதல் பேச்சு என்று நல்லசிவன் குறித்துக்கொண்டார். ஆசாரி வேனிலேயே திரும்பிப் போனார்.

அப்போதுதான் உச்சிமாகாளிக்கு உறைத்தது. பத்தாவது வீடு. உள்ளே புருஷன், பெண்டாட்டி, பிள்ளை. தாளை எடுத்து முதல் கேள்வியை வாசித்தார்.

“இந்த வீட்டில் எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறீர்கள்?”

“அரைமணி நேரமா இருக்கோம்ணே” என்றாள் இசக்கியம்மாள்.

எழுதினார். அதற்குக் கீழே அச்சடித்திருந்தது: ஐந்து ஆண்டுக்குக் குறைவு என்றால் இத்துடன் நிறுத்தவும். நிறுத்தினார். பேனாவை மூடினார்.

“அப்ப கெளம்பலாமா மச்சான்?” மாப்பிள்ளை செருப்பை மாட்டினார்.

“இருங்க மாப்ளே. அஞ்சு வருஷம் ஆகட்டும்.”

மாப்பிள்ளையும் அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். இசக்கியம்மாள் மட்டும் அண்ணனை முறைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது ஆறாவது கேள்வி. பதில் தயாராகிவிட்டது, ஆனால் முறை வரவில்லை.

மறுநாள் பேராசிரியை அம்மா போன் செய்து, தாள் நிரம்பிவிட்டதா என்று கேட்டார். உச்சிமாகாளி வாசலுக்கு வந்து விரல்விட்டு எண்ணினார்.

“முதல் கேள்வி முடிஞ்சுதும்மா. ரெண்டாவதுக்கு இன்னும் நாலு வருஷம் பதினோரு மாசம் இருபத்தொன்பது நாள் இருக்கு.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மோர்ச் செம்போடு ஆவுடைத்தாய் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தாள்.

“ஏய்யா, நீ பேசுவியா?”

உச்சிமாகாளி வானத்தைப் பார்த்தார்.