மோர் இன்னும் வரவில்லை

ஆவுடையப்பன் தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு சிவகாமி அம்மையின் மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். குருவை விட வயதில் மூத்த சீடர். ஞானம் வந்ததோ இல்லையோ, ஆபீஸ் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

மடத்துச் சமையலறையில் காய் நறுக்கும் பேச்சித்தாய் ஒரு நாள் அம்மையிடம் வந்து அழுதாள். தலைமைச் சமையல்காரர் குற்றாலிங்கம் அசிங்கமாகப் பேசுகிறார், வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார், எதிர்த்துக் கேட்டதும் அண்டா தேய்க்கிற வேலைக்குத் தள்ளிவிட்டார் என்றாள். விசாரிக்கிற பொறுப்பை ஆவுடையப்பன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, மறுநாள் பகல் சாப்பாட்டுக்குள் முடித்தும்விட்டார்.

"புகார் பொய் அம்மா. பேச்சித்தாயைச் சாயங்கால பஸ்ஸில ஊருக்கு அனுப்பிடலாம்."

"எங்க வச்சு விசாரிச்சீங்க?"

"சமையலறையிலதான். குற்றாலிங்கமே பலகை போட்டு, சூடா வடையும் கொடுத்தார். ஒவ்வொருத்தரையா அவரே கூப்பிட்டு, பக்கத்திலேயே நின்னார். என்ன ஒத்துழைப்பு அம்மா!"

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"தங்கமான மனுஷன்னாங்க. ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலை."

கதவோரம் நின்ற பேச்சித்தாய்க்கு முகம் செத்துப்போயிற்று. ஊரில் ரெண்டு பிள்ளைகள் அவள் வேலையை நம்பித்தான் படிக்கிறார்கள்.

"நீ இரு, போயிராதே" என்றார் அம்மை அவளிடம். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்து, "வாங்க, முதல்ல சாப்பிடுவோம்" என்றார்.

பந்தி உட்கார்ந்தது. குற்றாலிங்கம் வரிசையாக ரசம் ஊற்றி முடித்தார்.

"ரசம் எப்படி இருக்கு?" என்று அம்மை பந்தியைக் கேட்டார்.

"அமிர்தம்!" என்றார்கள் எல்லாரும். ஆவுடையப்பன் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

"குற்றாலிங்கம், தோட்டத்தில போய்க் கொஞ்சம் கறிவேப்பிலை பறிச்சுட்டு வாங்க."

அவர் போனார்.

"இப்பச் சொல்லுங்க. ரசம் எப்படி?"

தோட்டக்காரர் மாடசாமி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மா, உப்பும் இல்ல, ஒரு எழவும் இல்ல. வெந்நீருக்குப் புளியைக் காட்டிட்டுத் திருப்பி எடுத்திருக்காரு."

அவ்வளவுதான், பந்தியே பிடித்துக்கொண்டது. நேற்றைய கூட்டு, முந்தாநாள் பொங்கல் எல்லாம் வெளியே வந்தது. சிரித்துச் சிரித்து மாடசாமிக்குப் புரையேறிவிட்டது.

அம்மை சிரிக்கவில்லை. "ஐயா, நீங்க ஏன் அமிர்தம்னு சொன்னீங்க?"

ஆவுடையப்பன் நெளிந்தார். "மோர் இன்னும் வரலையேம்மா. அவர் கையாலதானே வரணும்..."

சொன்ன வாய் பாதியில் நின்றது. காலையில் தின்ற வடை ஞாபகம் வந்ததோ என்னவோ, மனிதரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்போ நீங்களே விசாரிச்சிடுங்க அம்மா. உங்களுக்கு யார் தயவு வேணும்?"

அம்மை தன் இலையைக் காட்டினார். "எனக்கு மட்டும் மோர் வேற யார் ஊத்துறா?"

அம்மையே மேலே சொன்னார்:

"பேச்சித்தாய் எங்கேயும் போக வேண்டாம். விசாரணை முடியிற வரைக்கும் குற்றாலிங்கம் சமையலறைப் பக்கம் வர வேண்டாம். வெளியூர்ல, நம்ம யாரையும் தெரியாத ஆளாப் பார்த்துக் கூப்பிடுங்க."

"சரிம்மா. வர்றவங்களுக்குச் சாப்பாடு?"

"கட்டுச்சோறு கொண்டு வரச் சொல்லுங்க."