பருப்புக்கீரை போன வழி

பாறைக்காட்டு மடத்துத் தலைவி வடிவாம்பாள் அம்மாவுக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் கோதண்டராமனுக்கு அறுபத்து மூன்று. நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்தவர். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பதுதான் அவருக்கு வேதம்.

அம்மாவின் உபதேசத்தைப் பரப்பும் பொறுப்பு கைக்கு வந்ததும், வரைபடத்தில் கோடு கிழித்தார். ஐந்து மைலுக்கு ஓர் ஊர். பன்னிரண்டு ஊருக்குப் பன்னிரண்டு பேர். மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் காலையில், துணிமூட்டையும் கையுமாக அம்மா முன்னால் வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“நான் வீட்டுக்கே கிளம்புறேம்மா. பத்து ஊர்ல கூட்டம் கலைஞ்சுபோச்சு.”

“மத்த ரெண்டு பேரு?”

“அதை ஏன் கேக்கறீங்க! ஒருத்தன், அனுப்பின ஊர்ல இடம் கிடைக்கலைன்னு சுண்ணாம்புக் காளவாயில போய் உட்கார்ந்துட்டான். இன்னொருத்தன் மாட்டுச் சந்தையில. அங்க வர்ற ஆளுங்க கேட்டுட்டுப் போய், என் வரைபடத்துலயே இல்லாத முப்பது ஊர்ல கூட்டம் நடத்துறாங்களாம். ஒரு ஒழுங்கு வேண்டாமா?”

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரைக் கொல்லைப்புறம் அழைத்துப்போனார். அங்கே மண்ணைவிடப் பாறைதான் அதிகம். துவைக்கிற கல்லின் வெடிப்பில், தொட்டி ஒழுகுகிற இடத்தில், அங்கிருந்து தாவி வேலியோரத்தில் என்று பருப்புக்கீரை கொழுகொழுவென்று படர்ந்திருந்தது. நடுவில் எல்லாம் மொட்டைப் பாறை.

“போன வருஷம் ஒரு பிடி விதை வீசினேன். கல்லுகிட்ட ஒண்ணு, தொட்டிகிட்ட ஒண்ணு, ரெண்டே செடிதான் பிழைச்சுது. மத்ததெல்லாம் அதுங்களோட பிள்ளைகுட்டி.”

“கீரைக்குச் சரி. பத்து மனுஷங்க பட்ட பாடு வீணாச்சே! அந்த ரெண்டு பேரை மட்டும் அனுப்பியிருக்கலாம். அதுகூடத் தெரியாதவனுக்கு எதுக்கும்மா இந்தப் பொறுப்பு?” அவர் மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அம்மா குனிந்து, முற்றிய காய்களைக் கசக்கி உள்ளங்கையை நீட்டினார். கறுப்புப் பொடியாக விதைகள்.

“இதுல பிழைக்கப்போற ரெண்டை மட்டும் பொறுக்கிக் கொடுங்க. அதை மட்டும் வீசிடலாம்.”

கோதண்டராமன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“எப்படிம்மா பொறுக்குறது?”

“முதல்ல மூட்டையைக் கீழே வைங்க” என்றார் அம்மா.